நெய்ப்பந்தம் பிடித்த பேத்தி

காலை பதினொன்று இருபது. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துகொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த கைப்பை அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

வகுப்பில் நான் போனை எடுப்பதில்லை. என் மகள் மெர்சிக்கு அது தெரியும். அவளும் ஆசிரியைதான், கடலூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் தாவரவியல் சொல்லித் தருகிறாள். வகுப்பு நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. மூன்றாவது முறை அதிர்ந்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

“அம்மா, பிரின்சிபால் ரூமுக்கு வெளிய ஒக்காந்திருக்கேன். தாத்தா சாவுல எடுத்த வீடியோவ இங்க பாத்துட்டாங்க.”

“பாத்தா என்ன? நல்லாத்தானே இருக்குது?” என்றேன்.

“நான் எந்தக் காலேஜுல வேல செய்றேன்னு மறந்துட்டியாம்மா?” என்று கேட்டாள்.

வகுப்புக்குத் திரும்பி முக்கோணத்தை முடித்தேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். என்ன எழுதிப் போட்டேன் என்று இன்று வரை நினைவுக்கு வரவில்லை.

பேரன் யாருப்பா?

சென்ற வாரம் இந்தப் பத்தியை என் அப்பாவின் சாவோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா விவசாயி. பிள்ளைகள் நானும் என் தம்பி ராஜேந்திரனும்தான். நான் படித்துவிட்டுக் கடலூருக்கு வேலைக்கு வந்தேன். தேவதாஸைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் கிறிஸ்தவர். கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்று நானும் கிறிஸ்தவளானேன். தம்பிக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கு மெர்சி ஒருத்திதான். ஆக, அப்பாவுக்கு இருந்த ஒரே பேரப்பிள்ளை என் மகள்.

எங்கள் பக்கம் பெரியவர்கள் இறந்தால் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். ஒரு குச்சியின் முனையில் துணியைச் சுற்றி, நெய்யில் நனைத்து, பற்றவைத்துக் கையில் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வர வேண்டும். பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்தவர் என்று ஊருக்குக் காட்டுவது அது. எங்கள் தெருவில் பேரன்கள்தான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. மேளம் நின்றது. சடங்கு செய்கிறவர் குச்சியை நெய்க்கிண்ணத்தில் முக்கியபடி, “பேரன் யாருப்பா, வா” என்று கூப்பிட்டார்.

யாரும் வரவில்லை. பங்காளி வீட்டுப் பையன் ஒருவனை யாரோ முன்னால் தள்ளினார்கள். அவன் நெளிந்தான். “சொந்தப் பேரன் இல்லியே. சும்மா விடுங்க, பந்தம் இல்லாமயே எடுங்க” என்று ஒரு குரல் வந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குழந்தை இல்லாததற்காக அவன் கேட்ட பேச்சையெல்லாம் அப்பாவின் தலைமாட்டில் நின்று மறுபடியும் கேட்கிற முகம் அது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்சி எழுந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். “குடுங்க. நான் பேத்தி” என்றாள்.

“பொண்ணு புடிக்கிற வழக்கம் இல்லியேம்மா.”

“இருக்கறதே அவதான்” என்றான் தம்பி. “அவ கையில குடு.”

பந்தத்தை வாங்கினாள். இன்னொருவர் விபூதித் தட்டோடு நெற்றியை நோக்கிக் கையை நீட்டினார். அவள் முகத்தை மெல்லத் திருப்பி, “அது வேணாங்க” என்றாள். பிறகு சுற்றி வந்தாள். உருகிய நெய் குச்சி வழியாக இறங்கி அவள் மணிக்கட்டைச் சுட்டது. கையை மாற்றவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் ஜெபம் செய்கிறாள் என்று எனக்கும் அவள் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

தெருக்காரர் ஒருவர் இதைப் போனில் எடுத்தார். விபூதி வேண்டாம் என்று சொன்ன இடம் அதில் இல்லை. பந்தம் ஏந்தி அவள் சுற்றி வருவது மட்டும்தான் இருந்தது. ‘பேரன் இல்லைன்னா என்ன, பேத்தி இருக்கா’ என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து யாரோ எடுத்து யூடியூபில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அது எங்கெல்லாம் போனது என்று எங்களால் தொடர முடியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்தினார்கள். பெண்ணுரிமை என்று எழுதினார்கள். எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் டீ குடிக்கும் நேரத்தில் அதை எல்லோருமாகப் பார்த்தார்கள். “டீச்சர், பொண்ண வளத்தா இப்பிடி வளக்கணும்” என்றார்கள். அப்பா போன துக்கத்துக்கு நடுவிலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வாழ்த்தியவர்களில் யாரோ ஒருவர்தான் அதைக் கல்லூரி நிர்வாகத்துக்கும் அனுப்பியிருக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு அனுப்பினாரா, ‘உங்கள் கல்லூரிப் பேராசிரியை’ என்று பெருமையாக அனுப்பினாரா, தெரியவில்லை.

சேரும்போது சொன்னவை

அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் நடத்தை விதிகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிறு ஆராதனை தவறக்கூடாது. குடி, புகை கூடாது. கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழக்கூடாது. விவாகரத்து என்றால் நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். பிற மத வழிபாட்டிலும் சடங்கிலும் பங்கெடுக்கக்கூடாது.

மெர்சி சேர்ந்த அன்று இதையெல்லாம் வாசித்துக் காட்டியபோது வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை. அவள் அப்பா சந்தோஷப்பட்டார். அவர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர். உடன் வேலை செய்கிறவர்களின் குடியைத் தினமும் பார்த்து வருகிறவர். “நல்ல எடம். பொண்ணு பத்தரமா இருப்பா” என்றார். விதிகள் எல்லாம் வேறு மாதிரி ஆட்களுக்காக என்று நாங்கள் நினைத்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெர்சி வேலைக்காக விசுவாசியாக நடிக்கிறவள் இல்லை. என்னைவிட அவளுக்கு நம்பிக்கை ஜாஸ்தி. நான் கல்யாணத்தின் வழியாக வந்தவள். அவள் அதிலேயே பிறந்து, யாரும் சொல்லாமலே காலையில் எழுந்து வேதம் வாசிக்கிறவள். இதில் எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

அப்பாவும் மாப்பிள்ளையும்

என் அப்பா திருவதிகைக் கோயிலுக்கு அடிக்கடி போவார். திரும்பும்போது கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெற்றி விபூதியைத் துண்டால் துடைத்துக்கொள்வார். பாதி துடைபடும், பாதி புருவத்தில் ஒட்டியிருக்கும்.

“இருக்கட்டும் மாமா, எதுக்குத் தொடைக்கிறீங்க?” என்பார் என் கணவர்.

“ஒங்க சாமி கோச்சிக்கிட்டா நீ என்ன பண்ணுவ மாப்பிள்ள?” என்பார் அப்பா.

மெர்சியின் ஞானஸ்நானத்துக்கு வந்தவர் முதல் வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிப்போனார். குறட்டை கேட்டு போதகர் கொஞ்சம் நிறுத்தினார். சபையே சிரித்தது. எங்கள் வீட்டில் இரண்டு மதம் இருந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

முட்டைக்குப் பயந்தவர்

இதை ஒரு மதத்தின் கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணவரின் பள்ளித் தோழர் ஒருவர் சிதம்பரம் பக்கம் ஒரு மடம் நடத்தும் கல்லூரியில் அலுவலக வேலையில் இருக்கிறார். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் அசைவம் தொடக்கூடாது. கல்லூரியில் மட்டும் இல்லை, வீட்டிலும்தான். நெற்றியில் விபூதி இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

மனிதருக்கு ஆம்லெட் என்றால் உயிர். காலையில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, பல் விளக்கி, கிராம்பு மென்று, சட்டையையும் மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். எங்கள் விஷயத்தைக் கேட்டு ஆறுதல் சொல்ல வந்தார்.

“ஒன் பொண்ணாவது நெருப்பப் புடிச்சா தேவா. நான் முட்டைக்கே பயந்து சாவறேன்” என்றார். என் கணவர் சிரித்தார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் சிரித்தது அந்த ஒரு முறைதான். போகும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, “எங்க காலேஜுல இப்பிடி ஒருத்தர வெளிய அனுப்பிச்சாங்க. இன்னும் எங்கியும் வேல கெடைக்கல” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல்வர் அறையில்

மெர்சி போன் செய்த அன்று முதல்வர் மறுநாள் வரச் சொல்லிவிட்டார். நான் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். முதல்வர் அறைக்கு வெளியே நீள பெஞ்சு. தரையில் பினாயில் வாசனை. பக்கத்துச் சிற்றாலயத்தில் மாணவிகள் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியில் திரும்பத் திரும்பத் தவறி, முதலிலிருந்து தொடங்கினார்கள்.

முதல்வர் கத்துகிறவர் இல்லை. எழுந்து வணக்கம் சொன்னார். உட்காரச் சொன்னார். அப்பா இறந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் விபூதி பூசல சார். கும்புடல. மந்திரம் எதையும் சொல்லவும் இல்ல” என்றாள் மெர்சி. “எங்க தாத்தாவுக்கு வெளிச்சம் புடிச்சேன். அவ்ளோதான்.”

“ஒம் மனசு எனக்குத் தெரியும்மா. ஆனா வீடியோ பாக்கறவங்களுக்கு மனசா தெரியும்? நெருப்ப வச்சிக்கிட்டு சுத்தி வந்தா அது சடங்கு.”

“யாரும் எடுக்கலன்னா?”

“எடுக்கலன்னா நீயும் நானும் இங்க ஒக்காந்திருக்க மாட்டோம்” என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “டீச்சர், நீங்க அங்கேருந்து வந்தவங்க. எத விட்டுட்டு வந்தோம்னு ஒங்களுக்குத்தான் நல்லா தெரியணும்.”

நான் விட்டுவிட்டு வந்தது என் அப்பாவை இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. மகளின் வேலை அந்த மேசைமேல் இருந்தது.

மெர்சி அங்கே பல வருடங்கள் தற்காலிகமாக வேலை பார்த்தவள். நிரந்தர இடத்துக்கு அவள் பெயர் அப்போதுதான் போயிருந்தது. நிர்வாகக் குழு இரண்டு விஷயங்களைக் கேட்பதாக முதல்வர் சொன்னார். நடந்ததற்கு வருந்துவதாக ஆசிரியர்களின் காலை ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். இப்படிப்பட்ட சடங்கு நடக்கிற வீட்டுக்குள் இனிப் போகமாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். மாட்டேன் என்றால் வேலை இல்லை.

“பதினாறாம் நாள் கருமாதி வருது சார்” என்றேன் நான். “அவுங்க தாத்தாவுக்கு.”

“தெரியும் டீச்சர்” என்றார். “அதனாலதான் வீட்டுக்குள்ளன்னு போட்டிருக்காங்க.”

இரண்டு பேர் சொன்னது

வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். சிறுபான்மை நிறுவனம், விதி போட அவர்களுக்கு உரிமை இருக்கிறது, தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், வழக்குப் போடலாம், ஆனால் அது முடியும்போது அவளுக்கு வேறு எங்கும் சேருகிற வயது இருக்காது என்றார். சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று பேசினோம். உட்கார்ந்து பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அணைத்தேன்.

“எழுதிக் குடுத்துடு பாப்பா” என்றார் அவள் அப்பா. “பேப்பருதானே.”

“எழுதிக் குடுத்துட்டுக் கருமாதிக்கு வந்துடு” என்றேன் நான். “போட்டோ எடுக்காம நாங்க பாத்துக்கறோம். யாருக்குத் தெரியப்போவுது?”

மெர்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சேந்து என்னப் பொய் சொல்லச் சொல்றீங்க” என்றாள். “சின்ன வயசுல அடுத்த புள்ள ரப்பர எடுத்துட்டு வந்ததுக்கு என்ன அடிச்சது யாரு?”

“இது அது இல்லடி.”

“எழுதிக் குடுத்தா எழுதிக் குடுத்ததுதான்மா. எழுதலன்னா வேல போச்சு. எழுதினா தாத்தா வீட்டுக்குள்ள போகமாட்டேன். நடுவுல ஒண்ணும் இல்ல.”

அதற்கு மேல் என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பதில் எனக்கு வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வேலை போனால் அவள் உடைந்துபோவாள். எழுதிக் கொடுத்தாலும் அப்படித்தான்.

தம்பியிடம் சொல்லவே இல்லை. அவன் போன் செய்து, “அக்கா, பாப்பாவ மொத நாளே கூட்டிட்டு வந்துடு. தாத்தா படம் பெருசா போட்டு மாட்டியாச்சு. அவதான் மொதல்ல பாக்கணும்” என்றான். “பரீட்ச டைம்டா, பாக்கறேன்” என்றேன்.

கருமாதி அன்று

அந்த வார ஜெபக் கூட்டமும் கருமாதியும் ஒரே நாளில் வந்தன. காலையில் மெர்சி கல்லூரிக்குக் கிளம்பினாள். நீல நிறக் காட்டன் புடவை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் என் தோளை ஒரு முறை பிடித்துவிட்டுப் போனாள். நானும் அவள் அப்பாவும் சிதம்பரம் பஸ் ஏறினோம். சிப்காட்டைத் தாண்டும்போது வழக்கமான நெடி ஜன்னல் வழியாக வந்தது. அந்த வாசனையிலேயே வேலை பார்க்கிறவர் அன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வீட்டின் முன் பந்தல் போட்டிருந்தார்கள். தம்பி மொட்டைத் தலையோடு ஆற்றங்கரையிலிருந்து திரும்பினான். உறவுமுறைக்காரர்கள் அவன் தலையில் புதுத் துண்டைச் சுற்றித் தலைப்பாகை கட்டினார்கள். உள்ளே அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் இலை விரித்துப் படையல் வைத்திருந்தது. வடையும் அகத்திக்கீரையும் ஊதுவத்தியும் சேர்ந்த வாசனை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது பிறந்த வீட்டு வாசனைதான்.

நான் உள்ளே போனேன். என்னை யாரும் எதுவும் எழுதித் தரச் சொல்லவில்லை.

பெரியப்பா மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “நெய்ப்பந்தம் புடிச்சி யூடியூப்புல எல்லாம் வந்தா. கருமாதிக்கு வரத்துக்கு நேரமில்லியா ஒம் பொண்ணுக்கு?” என்றாள்.

“பரீட்ச” என்றேன்.

“தாத்தன் பெருசா, பரீட்ச பெருசா?”

“விடு அண்ணி” என்றான் தம்பி. அவனுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ரோட்டைப் பார்த்தான்.

பகலில் மெர்சியின் போன் அணைந்தே கிடந்தது. கல்லூரியில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. வாசித்தாளா, எழுந்து வெளியே வந்துவிட்டாளா, எங்காவது பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாளா என்று நினைத்து மறுபடியும் மறுபடியும் அவள் எண்ணையே அழுத்தினேன். பந்தி முடிந்தது. இலைகளை எடுத்துக் குவித்தார்கள். என் கணவர் சாப்பிட்டாரா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை.

வந்தவர்கள் பாதிப் பேர் கிளம்பிய பிறகு, ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. நீலப் புடவை இறங்கியது. அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் வேலை போகவில்லை, அவள் வாசித்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். நிம்மதி வந்தது. வந்த அதே நொடியில் வெட்கமும் வந்தது.

அவள் பந்தலைத் தாண்டி வந்தாள். வாசலுக்கு எதிரே செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றுவிட்டாள். தன் செருப்பைக் கழற்றவில்லை.

தம்பி தலைப்பாகையோடு ஓடினான். “ஏன் பாப்பா அங்கியே நின்னுட்ட? உள்ள வா. ஒனக்காகத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். மொதல்ல சாப்புடு.”

“வேல இருக்குதும்மா” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் கேட்டதாக நினைத்துக்கொண்டாள்போல. அழுது முடித்துவிட்டு வந்த குரல்.

“என்ன வேல? யாரு வேல?” தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி வாயைத் திறந்தாள். மெர்சியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மெர்சி மாமாவின் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“உள்ள வரமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன் மாமா” என்றாள். “தாத்தா படத்த மட்டும் வாசப்படிகிட்ட எடுத்துட்டு வந்து காட்டுங்க. பாத்துட்டுப் போயிடறேன்.”